பலர் தொலைவிலிருந்து பயன்படுத்தும் அக்சஸ் தரவுத்தளம்

மைக்ரோசாஃப்ட் அக்சஸில் உருவாக்கிய ஒரு தரவுத்தளத்தை வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்படி அமைப்பது சிறு நிறுவனங்களுக்கு அடிக்கடி நேரும் தேவை. 1992 நவம்பரில் வெளிவந்த அக்சஸ், சரக்கு, ரசீது, வாடிக்கையாளர் விவரம் ஆகியவற்றை ஓர் அலுவலகம் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி தந்தது. அலுவலகம் கிளை திறக்கும்போதும், ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யும்போதும் அதே கோப்பு எல்லாருக்கும் எட்ட வேண்டியதாகிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தரவைத் தேடி, படித்து, எழுதும் எஞ்சின் எந்தக் கணினியில் ஓடுகிறது?

அக்சஸின் எஞ்சின் தொடக்கத்தில் ஜெட் எனப்பட்டது. 2007 பதிப்பிலிருந்து ஏஸ். இது சர்வரில் ஓடுவதில்லை, ஒவ்வொரு பயனரின் கணினியிலும் தனித்தனியாக ஓடுகிறது. கோப்பு இருக்கும் கணினிக்குத் தன்னிடம் இருப்பது தரவுத்தளம் என்பதே தெரியாது. கேட்ட பகுதியை எடுத்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதை அருகிலேயே தோன்றும் ஒரு சிறு பூட்டுக்கோப்பு பதிந்துவைக்கிறது. 255 பேர் வரை ஒரே நேரத்தில் நுழையலாம், கோப்பு 2 ஜிபி வரை வளரலாம் என்பது எழுத்தில் உள்ள வரம்பு. பலர் ஓயாமல் பதிவிடும் இடத்தில் இந்த எண்ணிக்கைக்கு வெகு முன்பே திணறல் தொடங்கிவிடும்.

தொலைவு எப்படிக் கெடுக்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். அக்சஸ் எப்போதும் முழு அட்டவணையையும் வலைவழி இழுத்துவரும் என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியல்ல. தேடும் புலத்துக்கு இன்டெக்ஸ் இருந்தால், முதலில் இன்டெக்ஸின் பக்கங்களையும் பிறகு தேவையான தரவுப் பக்கங்களையும் மட்டுமே அது எடுக்கும். இன்டெக்ஸ் இல்லாதபோதுதான் முழு அட்டவணையும் வந்து சேரும். ஆனால் ஒரு பக்கம் என்பது 4 கேபி. ஒரு படிவம் திறக்கவே நூற்றுக்கணக்கான பக்கங்கள் தேவைப்படலாம். 400 முறை கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பி இணைப்புள்ள அலுவலக வலையில் ஒரு முறைக்கு அரை மில்லிவிநாடி என்றால் மொத்தம் 0.2 விநாடி. வேறு ஊரிலிருந்து விபிஎன் வழியாக 50 மில்லிவிநாடி என்றால் 20 விநாடி. இணையத்தின் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் காத்திருப்பு பெரிதாகக் குறையாது. காலத்தைத் தின்பது தரவின் அளவைவிடப் போய்வரும் தடவைகள்தான்.

மெதுவாக இருப்பதையாவது சகித்துக்கொள்ளலாம். கோப்பு சிதைவதைச் சகிக்க முடியாது. ஒரு பதிவைச் சேமிக்கும்போது தரவுப் பக்கமும் பல இன்டெக்ஸ் பக்கங்களும் சேர்ந்தே மாறுகின்றன. பாதி எழுதிய நிலையில் வைஃபையோ விபிஎன்னோ அறுந்தால், மீதியை எழுதி முடிக்கவோ எழுதியதைத் திரும்பப்பெறவோ மறுமுனையில் எந்த எஞ்சினும் இல்லை. அதனால், பகிர்ந்த ஃபோல்டரில் கோப்பை வைத்து விபிஎன் வழியாக எல்லாரையும் திறக்கச் சொல்வது, பலரும் முதலில் முயலும் வழியாக இருந்தாலும், பரிந்துரைக்கத் தகாதது. ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவற்றில் வைப்பது அதைவிட ஆபத்து. அவை அக்சஸின் பூட்டுகளை அறியாமல் கோப்பை அப்படியே நகலெடுப்பவை. இருவர் ஒரே நேரத்தில் பதிவிட்டால் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு பிரதிகள்தான் மிஞ்சும். பல ஆண்டு உழைப்பை வைத்திருக்கும் கோப்பை இப்படி வைக்கவே கூடாது.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை தரவுத்தளத்தை இரண்டாகப் பிரிப்பது. அட்டவணைகள் மட்டும் கொண்ட பின்கோப்பு ஓரிடத்தில் இருக்கும். படிவம், வினவல், அறிக்கை, நிரல் கொண்ட முன்கோப்பை ஒவ்வொருவரும் தனித்தனிப் பிரதியாக வைத்துக்கொள்ள வேண்டும். பிரிப்பதற்கான கருவி அக்சஸிலேயே இருக்கிறது. சில நிமிட வேலைதான். பிரித்த பிறகும் ஒரே முன்கோப்பை எல்லாரும் திறப்பது, பிரித்ததன் பயனையே இல்லாமல் செய்துவிடுகிறது. பின்கோப்பை இணைக்கும்போது டிரைவ் எழுத்தைத் தவிர்த்து, சர்வரின் பெயரோடு கூடிய முழுப் பாதையைத் தருவது நல்லது. டிரைவ் எழுத்து கணினிக்குக் கணினி மாறும். பின்கோப்பைச் சுருக்கிச் சரிசெய்யும் வேலையை, எல்லாரும் வெளியேறிய பின், பேக்கப் எடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

இதன்பின் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பயனரைத் தரவின் பக்கத்துக்கு அழைத்துவருவது. விண்டோஸ் சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப் சேவையில் முன்கோப்பு, பின்கோப்பு, எஞ்சின் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். திரையின் படமும் விசைத்தட்டலும் மட்டுமே ஊர்விட்டு ஊர் போகும். இணைப்பு அறுந்தாலும் அங்கே அக்சஸ் ஓடிக்கொண்டே இருப்பதால் கோப்புக்குச் சேதமில்லை. மீண்டும் நுழைபவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நிரலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை என்பதால், ஏற்கெனவே நன்றாக இயங்கிவரும் அக்சஸ் செயலிக்கு இதுவே பொருத்தமானது. உரிமச் செலவு உண்டு. சாதாரண விண்டோஸ் புரோ கணினியைச் சர்வராக்கிவிட முடியாது. அது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே தொலைவிலிருந்து ஏற்கும்.

இரண்டாவது, எஞ்சினைத் தரவின் பக்கத்தில் வைப்பது. அட்டவணைகளை எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றி, அக்சஸ் முன்கோப்பை ஓடிபிசி என்னும் இணைப்பு முறை வழியாக இணைப்பார்கள். எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு, 2008 ஆர்2 முதல் 2022 வரையிலான வெளியீடுகளில், ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி தருகிறது. அட்டவணைகளை மாற்ற மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியும் உண்டு. பாதியில் அறுந்த பரிமாற்றத்தைச் சர்வர் தன் பதிவேட்டைப் பார்த்துத் திரும்பப்பெறும். சிதைவு பற்றிய அச்சம் பெரும்பாலும் நீங்குகிறது. வேகம் மட்டும் தானாக வராது. முழு அட்டவணையையும் திறந்துகாட்டும் பழைய படிவம் இங்கேயும் மெதுவாகவே ஓடும். வேண்டிய பதிவை மட்டும் கேட்கும்படி படிவங்களைத் திருத்துவதும், கனமான வினவல்களைச் சர்வரிலேயே ஓடவிடுவதும்தான் உண்மையான உழைப்பு. ஆம்–இல்லை வகைப் புலங்கள் வெறுமையாக இருக்க இடமளித்தால், வேறு யாரோ பதிவை மாற்றிவிட்டதாகப் பொய் எச்சரிக்கை வரும். அவற்றுக்கு இயல்பு மதிப்பு கொடுத்துவிட வேண்டும்.

பாதுகாப்பிலும் அக்சஸ் கோப்புக்கும் சர்வருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. பயனர்வாரியாக அனுமதி தரும் ஏற்பாடு அக்சஸின் 2007 கோப்பு வடிவத்தில் நீக்கப்பட்டது. எஞ்சியிருப்பது முழுக் கோப்புக்குமான ஒரே கடவுச்சொல். கடவுச்சொல் தெரிந்து ஃபோல்டரைத் தொட முடிந்தவர் முழுத் தரவையும் எடுத்துப்போகலாம். சம்பள விவரமோ நோயாளி விவரமோ இருக்கும் இடத்தில் இதுவே சர்வருக்கு மாறப் போதுமான காரணம். ஆனால் சர்வரை நேரே இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் புழு எஸ்க்யூஎல் சர்வரின் 1434ஆம் போர்ட் வழியாகவே நுழைந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தம் அதற்கு 6 மாதம் முன்பே வெளியாகியிருந்தும் எத்தனையோ கணினிகள் திருத்தப்படாமல் இருந்தன. கோப்பைத் திறக்கத் தகாத விபிஎன், சர்வரை மறைத்துவைக்க மிகவும் ஏற்றது.

மைக்ரோசாஃப்டே தந்து பின் மூடிய வழிகளும் உண்டு. அக்சஸ் 95இல் வந்த ரெப்ளிகேஷன், பிரதிகளைத் தனித்தனியே பயன்படுத்திப் பிறகு இணைக்க உதவியது. 2007இன் புதிய வடிவம் அதை ஏற்பதில்லை. ஷேர்பாயின்ட் ஆன்லைனில் இயங்கிய அக்சஸ் இணையச் செயலிகள் 2018இல் நிறுத்தப்பட்டன. ஷேர்பாயின்ட் பட்டியல்களோடு இணைக்கும் வசதி இன்றும் இருக்கிறது. சிறிய, எளிய அட்டவணைகளுக்கு அது போதும்.

எஞ்சின் எங்கே ஓடுகிறது என்ற கேள்வி மற்ற மேசைக்கணினித் தரவுத்தளங்களுக்கும் பொருந்தும். ஃபைல்மேக்கருக்குத் தனிச் சர்வர் மென்பொருள் இருக்கிறது. லிப்ரெஆபிஸ் பேஸின் உள்ளடங்கிய தரவுத்தளம் ஒருவர் பயன்பாட்டுக்கானது; பலருக்கு வேண்டுமானால் அதையும் வெளிச் சர்வரோடு இணைக்க வேண்டும். எஸ்க்யூஎல்லைட் கோப்பை வலைவழிப் பகிர்ந்து பலர் திறப்பதை அதை உருவாக்கியவர்களே தவிர்க்கச் சொல்கிறார்கள். வலைக் கோப்பு முறைமைகளின் பூட்டுகள் பல நேரங்களில் நம்பத்தக்கவையாக இல்லை என்பது அவர்கள் தரும் காரணம்.