பொது ஒதுக்கீட்டு நிலம்

சாலை, பூங்கா, பள்ளி, மருத்துவமனை, சந்தை போன்ற பொதுப் பணிகளுக்கென ஊரமைப்புத் திட்டத்திலோ மனைப்பிரிவு வரைபடத்திலோ குறிக்கப்பட்டு, வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாதென்று சட்டம் தடுத்துவைத்திருக்கும் நிலம் பொது ஒதுக்கீட்டு நிலம் எனப்படும். கோவைப் பக்கம் இதை 'ரிசர்வ் சைட்' என்பார்கள். சென்னைப் புறநகரில் 'பார்க் இடம்', 'ஓ.எஸ்.ஆர். இடம்' (திறந்தவெளி ஒதுக்கீட்டு இடம்) என்று சொன்னால்தான் புரியும். புறம்போக்கும் இதுவும் ஒன்றல்ல. புறம்போக்கு முதலிலிருந்தே அரசின் கணக்கில் உள்ளது. ஒதுக்கீட்டு நிலமோ பெரும்பாலும் ஒருவருடைய பட்டா நிலத்தின்மேல் அரசு போட்ட கோடு. கோடு போட்ட நாளுக்கும் நிலம் ஊரின் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் வரும் இழப்பை யார் தாங்குவது? இதற்கான விதிகள் நூறாண்டுகளாக மாறிவந்ததெல்லாம் இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான். இங்கே தமிழ்நாட்டின் கதை முதன்மையாகவும், அதனோடு தொடர்புள்ள பிற மாநிலத் தீர்ப்புகள் சுருக்கமாகவும் சொல்லப்படுகின்றன.

புறம்போக்கு என்னும் முன்கதை

பொதுவுக்கு நிலம் ஒதுக்குவது ஊரமைப்புத் துறை கண்டுபிடித்த வழக்கமல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள், கோயிலுக்கு வருவாய் தரவேண்டிய ஊர்களின் பரப்பைச் சொல்லும்போது, முதலில் ஊரிருக்கை, குளம், ஊடே செல்லும் வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டு, மீதியைத்தான் வரிக்குரிய நிலமாகக் கணக்கிடுகின்றன. வரிக்கணக்குக்குப் புறமாகப் போனது புறம்போக்கு. ஆங்கிலேயர் கால வருவாய்த் துறை இந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால், களம், மந்தைவெளி, நத்தம் என்று வகை பிரித்துப் பதிவேட்டில் ஏற்றியது. சென்னையின் மந்தைவெளி அந்த வகையின் பெயரைத்தான் இன்னும் சுமக்கிறது. 1905இன் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், தனியாருக்குச் சொந்தமென்று காட்டப்படாத சாலை, தெரு, ஆறு, ஏரி, வாய்க்கால் அனைத்தும் அரசின் சொத்து என அறிவித்தது. ஊர் முழுவதற்கும் உரிய நிலத்தைக் குறித்த சொல் பிற்பாடு தெருச்சண்டையில் வசைச்சொல்லாகிப் போனது தமிழுக்கு நேர்ந்த விசித்திரங்களில் ஒன்று.

புறம்போக்கு போதாத இடத்தில் அரசு பட்டா நிலத்தைக் கையகப்படுத்தியது. வங்காளத்தில் 1824ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதி முதற்படி. சென்னை மாகாணத்துக்கு 1852இல் தனிச் சட்டம் வந்தது. 1857, 1870 ஆகிய ஆண்டுகளின் பொதுச் சட்டங்களுக்குப் பின் வந்த 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் 120 ஆண்டுகள் நிலைத்தது. இந்தச் சட்டங்களெல்லாம் ஒரு பணிக்கு ஒரு நிலம் என்ற முறையில் அமைந்தவை. தேவை வந்ததும் அறிவிக்கை, இழப்பீடு, கையகம். நாளை வரப்போகும் சாலைக்காக இன்றே ஒரு நிலத்தைத் தடுத்துவைக்க அவற்றில் இடமில்லை.

எம்டன் மூழ்கடித்த வரைபடங்கள்

அந்த எண்ணம் இங்கிலாந்தின் 1909ஆம் ஆண்டு வீட்டுவசதி, ஊரமைப்புச் சட்டத்திலிருந்து வந்தது. சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடஸ். ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914இல் அவர் இந்தியா வந்தார். அவருடைய ஊரமைப்புக் கண்காட்சிக்குரிய வரைபடங்கள் 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் பின்னால் வந்துகொண்டிருந்தன. செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசிவிட்டுப் போன அதே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், அக்டோபரில் அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. எம்டனைப் பற்றித் தமிழில் பேசாதவர் இல்லை. அது கடலடிக்கு அனுப்பிய சரக்கில் ஊரமைப்பு வரைபடங்களும் இருந்ததைச் சொல்பவர் குறைவு. நண்பர்கள் அவசரமாக வேறொரு தொகுப்பைச் சேர்த்து அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தேறியது.

கெடஸ் மாகாணத்து ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெரிசலைக் குறைக்க, வீடுகளை இடித்து நேர்நேராகத் தெரு வெட்டும் திட்டம் ஒன்று அப்போது இருந்தது. கெடஸ் அதை ஏற்கவில்லை. ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் மனைகளையும் இடிந்த வீட்டடிகளையும் இணைத்தாலே சிறு சதுக்கங்களும் போதிய வழிகளும் கிடைத்துவிடும், மக்களைக் கிளப்ப வேண்டியதில்லை, செலவும் குறையும் என்றார். பொதுவுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று கேட்கும் முன், ஊரில் எது சும்மா கிடக்கிறது என்று நடந்து பார்க்கச் சொன்ன அறிக்கை அது. பின்னால் வந்த சட்டங்கள் இந்த அறிவுரையைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

பம்பாய் 1915இலும் சென்னை 1920இலும் ஊரமைப்புச் சட்டம் இயற்றின. சென்னைச் சட்டப்படி நகராட்சி ஒரு பகுதிக்குத் திட்டம் வரைந்து, சாலைக்கும் திறந்தவெளிக்கும் பொதுக்கட்டடத்துக்கும் நிலத்தை ஒதுக்கலாம். திட்டத்தால் மதிப்பு கூடும் நிலங்களின் உரிமையாளர்களிடம் மேம்பாட்டுப் பங்குத்தொகை வசூலிக்கலாம். ஒருவரிடம் நிலம் எடுத்து மற்றவரிடம் பணம் வாங்கிச் சரிக்கட்டும் கணக்கு இது. ஏட்டில் அழகாக இருந்தது. திட்டம் வரைவது, ஆட்சேபணை கேட்பது, அரசின் ஒப்புதல் பெறுவது என்று ஒவ்வொன்றும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

அந்தக் காலத்துச் சாதனையாக எல்லோரும் காட்டுவது தியாகராய நகர். மாம்பலத்தின் நெடிய ஏரியை வற்றவைத்து, 1920களில் உருவாக்கப்பட்ட குடியிருப்பு அது. நடுவில் பனகல் அரசர் பெயரில் பூங்கா. அதிலிருந்து பிரியும் சாலைகளுக்கு நீதிக் கட்சிக்காரர்களின் பெயர்கள். தெருவும் பூங்காவும் முதலில், வீடுகள் பிறகு என்ற ஒழுங்கு சென்னையில் அவ்வளவு தெளிவாக வாய்த்த இடங்கள் சில. ஆனால் பூங்காவுக்கு இடம் ஒதுக்கியவர்கள் அதற்காக அழித்தது ஒரு நீர்நிலையை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நூறாண்டு கழித்து அந்தப் பூங்காவின் ஒரு பகுதி மெட்ரோ சுரங்க நிலையப் பணிக்காக எடுக்கப்பட்டது.

மூன்றாண்டுக் கெடு

1920ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்தது தமிழ்நாடு நகர ஊரமைப்புச் சட்டம், 1971. மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம், புதுநகர் வளர்ச்சித் திட்டம், விரிவான வளர்ச்சித் திட்டம் என்ற அடுக்கை அது ஏற்படுத்தியது. திட்ட அனுமதி இல்லாமல் கட்டக் கூடாது என்ற கட்டாயமும் அதில் வலுப்பெற்றது. சென்னைப் பெருநகருக்கான முதல் முழுமைத் திட்டம் 1970களின் நடுவிலும், இரண்டாவது 2008இலும் நடைமுறைக்கு வந்தன.

இந்தச் சட்டத்தின் உயிர்நாடி 38ஆம் பிரிவு. திட்ட அறிவிக்கை அரசிதழில் வெளியான நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் அரசு அந்த நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பை வெளியிட வேண்டும், அல்லது உரிமையாளரோடு பேசி வாங்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும். யாரும் தனியாக ஆணையிடத் தேவையில்லை. கெடு முடிந்தால் கோடு அழிந்தது.

மகாராட்டிரத்தோடு ஒப்பிட்டால் இதன் தாராளம் விளங்கும். அங்கே 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் 127ஆம் பிரிவுப்படி, உரிமையாளர் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். பிறகு அறிவிப்புக் கொடுத்து மேலும் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். இந்த ஆறு மாதமும் திருத்தங்களால் 12 மாதமாகி, 24 மாதமாகி நீண்டது. அங்கே மாநகராட்சி கடைசி நாளில் அரசுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு 'நடவடிக்கை எடுத்துவிட்டோம்' என்று சொல்வது வழக்கமாக இருந்தது. கிர்நார் டிரேடர்ஸ் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கையகப்படுத்தும் எண்ணத்தைத் தெளிவாகக் காட்டும் படியையே நடவடிக்கையாகக் கொள்ள முடியும் என்றது.

தமிழ்நாட்டில் சிக்கல் வேறு மாதிரி. சட்டம் கோட்டை அழித்துவிடுகிறது. அலுவலகத்துச் சுவரில் தொங்கும் வரைபடம் அழிப்பதில்லை. கோவையிலும் பிற ஊர்களிலும் விரிவான வளர்ச்சித் திட்டங்களில் வரைந்த 'ஸ்கீம் ரோடு'கள் இதற்கு உதாரணம். முப்பதாண்டு கழித்தும் போடப்படாத சாலைக்காக வீடு கட்ட அனுமதி மறுக்கப்படும். உரிமையாளர் உயர் நீதிமன்றம் போய், 38ஆம் பிரிவின்படி நிலம் எப்போதோ விடுபட்டுவிட்டது என்ற தீர்ப்பை வாங்கிவர வேண்டும். தானாக நடக்கவேண்டிய ஒன்றுக்கு ரிட் மனு தேவைப்படுகிறது. மறுபக்கமும் இருக்கிறது. கெடு தவறியதால் உண்மையாகவே ஊருக்கு வேண்டியிருந்த சாலைகளும் கைவிட்டுப் போயின. நகராட்சியிடம் மூன்றாண்டுக்குள் இழப்பீடு கொடுக்கும் பணம் இருந்ததில்லை என்பதே இரண்டுக்கும் காரணம்.

பணம் மேலும் எட்டாத தூரத்துக்குப் போனது. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் சந்தை மதிப்புக்கு மேல் 15 விழுக்காடாக இருந்த ஆறுதல் தொகை 1984இல் 30 விழுக்காடானது. 2014 சனவரி முதல் நடப்புக்கு வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 100 விழுக்காடு. கிராமப்புற நிலமாக இருந்தால் சந்தை மதிப்பே இரண்டு மடங்குவரை பெருக்கப்படும். நிலம் இழந்தவர்களுக்கு இது வெகுநாள் தாமதமாகக் கிடைத்த நியாயம். பூங்காவுக்கு இடம் தேடும் பேரூராட்சிக்கோ, விலைக்கு வாங்கும் வழி அத்தோடு அடைபட்டது.

வாங்குவதிலிருந்து தானத்துக்கு

அதனால் விதிகள் வேறு திசையில் வளர்ந்தன. நிலத்தை மனைகளாகப் பிரிப்பவரிடம் அனுமதிக்கு ஈடாகவே நிலத்தைக் கேட்பது அந்த வழி. மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000க்கும் 10,000க்கும் இடைப்பட்டால் நிலமாகவோ வழிகாட்டி மதிப்பில் பணமாகவோ தரலாம். 3,000 வரை ஒன்றுமில்லை. சென்னையின் வளர்ச்சி விதிகளில் இருந்த இந்த முறை, 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் மாநிலம் முழுவதற்கும் தொடர்கிறது.

இழப்பீடு இல்லாமல் வாங்குவது சரியா என்ற கேள்வி எழாமல் இருக்குமா? டெல்லியைச் சேர்ந்த சேத்ராம் வசிஷ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், மனைப்பிரிவில் விட்ட திறந்தவெளியை மாநகராட்சி அறங்காவலராகப் பேணலாமே தவிர, சட்ட அனுமதி இல்லாமல் இலவசமாக எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்றது. தமிழ்நாட்டில் இந்த நிபந்தனை வெறும் மாநகராட்சித் தீர்மானமாக இல்லாமல் விதியிலேயே இருந்தது. 10 விழுக்காட்டை இலவசமாகத் தரவேண்டும் என்ற சென்னை விதியை 2023இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று உறுதி செய்தது.

ஒதுக்கியதைக் காப்பதிலும் நீதிமன்றங்கள் கடுமை காட்டியிருக்கின்றன. பெங்களூரில் பூங்காவுக்கென விட்ட மனையைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கிய ஆணை ரத்தானதை 1991இல் முத்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மருத்துவமனையும் பொதுநலம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. எதிர்த்திசையில், புனேயில் ஒருவருடைய சொந்த நிலத்தைக் கையகப்படுத்தாமலே தோட்டம் என்று குறித்துவைப்பது செல்லாது என்றது 2005இன் ஜெத்மலானி தீர்ப்பு.

சாலை விரிவாக்கத்துக்குப் பணத்துக்குப் பதில் கட்டும் உரிமை தரப்படுகிறது. பம்பாயில் 1991இன் விதிகள் இதைத் தொடங்கிவைத்தன: நிலத்தைக் கொடுத்தவர் சான்றிதழ் பெற்று, வேறு இடத்தில் கூடுதல் தளம் கட்டலாம், அல்லது அதை விற்கலாம். சென்னையிலும் இரண்டாம் முழுமைத் திட்டம் இந்த வளர்ச்சி உரிமை மாற்றத்துக்கு இடம் தந்தது. ஆகாயத்தை விற்று மண்ணை வாங்கும் இந்தப் பேரத்தில் அரசுக்குக் கைக்காசு செலவில்லை. நெரிசல் வேறொரு தெருவுக்குப் போய்ச் சேர்வது அதன் விலை.

அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகள் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றன. கல் நட்டு, கொடி கட்டி, ஒரு சென்ட் பூங்கா விடாமல் விற்ற மனைகள் மாநிலமெங்கும் உண்டு. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2017இல் வந்த வரன்முறை விதிகள், விடாத திறந்தவெளிக்கு ஈடாகக் கட்டணம் வாங்கிக்கொண்டன. கட்டணம் கணக்கில் சேர்ந்தது. குழந்தைகள் விளையாட அந்தத் தெருக்களில் இடம் சேரவில்லை.

அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவிலும் ஓட்டை ஒன்று உண்டு. தானப்பத்திரம் பதிவானபின் பட்டாவை உள்ளாட்சியின் பெயருக்கு மாற்ற வேண்டும். பல இடங்களில் அது நடக்கவில்லை. பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்க, வாரிசுகள் பூங்காவை மனைகளாக்கி மறுபடி விற்ற கதைகள் ஏராளம். வாங்கியவர் வீடு கட்டிக் குடியேறியபிறகு வழக்கு வரும். மனை வாங்கப்போகிறவர் வில்லங்கச் சான்றோடு நிறுத்திக்கொள்ளாமல், அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தை நகர ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டு வாங்கி, தன் மனை எண் அதில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதே வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தின் பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்க்கலாம். பட்டா விவரத்தை அரசின் இணையத்தளத்தில் எவரும் பார்க்க முடியும்.