ரத்தநாள அழற்சி: எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும்?

வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், எடை குறைதல், மூட்டுவலி, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், பாதம் மரத்துப் போதல். இவை சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் சந்தேகிக்கும் நோய்களில் ஒன்று வாஸ்குலைட்டிஸ் எனும் ரத்தநாள அழற்சி. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே ரத்தக் குழாய்ச் சுவரைத் தாக்குவதால் இது வருகிறது. கண்ணேறு என்று ஓதிப் பார்த்துக்கொண்டே மாதங்களைக் கடத்திவிடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஓதுங்கள், தடையில்லை, பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

முதலில் பார்ப்பது இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இவை உடலில் அழற்சி இருப்பதை மட்டுமே காட்டும். எந்த நோய் என்று காட்டாது. ரத்தசோகையிலும் கர்ப்பத்திலும்கூட இ.எஸ்.ஆர். ஏறும்.

அடுத்தது 'ஆன்கா'. வெள்ளை அணுக்களுக்கு எதிரான பிறபொருளெதிரியைத் தேடும் ரத்தப் பரிசோதனை இது. பி.ஆர்.3, எம்.பி.ஓ. என்ற இரு வகைகளையும் பார்க்க வேண்டும். பாசிட்டிவ் என்றாலே இந்நோய் என்று முடிவு கட்டக் கூடாது. காசநோயிலும் சிலருக்கு அப்படி வரும். நெகட்டிவ் என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது. நம் நாட்டில் இளம்பெண்களிடம் காணப்படும் டகாயாசு நோய்க்கு 'ஆன்கா' உதவாது. அதில் ஒரு கையில் நாடித்துடிப்பு குறையலாம், இரு கைகளிலும் ரத்த அழுத்தம் வேறுபடலாம். ஸ்கேன்தான் அதை உறுதி செய்யும்.

நம் பார்வையில், செலவு குறைந்த சிறுநீர்ப் பரிசோதனையே இங்கு மிகவும் முக்கியம். சில வகைகள் சிறுநீரகத்தைச் சில வாரங்களிலேயே பழுதாக்கிவிடும். வலி எதுவும் இருக்காது. சிறுநீரில் புரதம், ரத்த அணுக்கள், ரத்தத்தில் கிரியேட்டினின் ஆகிய இவைதான் முன்கூட்டி எச்சரிப்பவை. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருபவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒருநாள் கூலி இழப்பு. அதனால் இவற்றை ஒரே நாளில் எடுத்துவிட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 முதல் இயங்குகிறது. மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மரில் நோய் எதிர்ப்பியலுக்கெனத் தனித் துறையே உள்ளது.

பல நேரங்களில் 'பயாப்ஸி', அதாவது சிறு துணுக்குச் சதை எடுத்துப் பார்ப்பதுதான் நோயை உறுதி செய்கிறது. நோயறியச் செய்வதால் மார்க்கத்தில் இதற்குத் தடையில்லை. ஸ்டீராய்டு தொடங்குமுன் காசநோய், ஹெபடைடிஸ் பி, சி உள்ளனவா என்றும் பார்ப்பார்கள். அந்த மருந்து அவற்றைக் கிளறிவிடக் கூடும்.

ரமளானில் ரத்தம் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளிலும் அதனால் நோன்பு முறியாது. ஹனஃபிகள் தொழுமுன் உளூவை மட்டும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையை நோன்புக்காகத் தாமாக நிறுத்துவது ஆபத்து. நோயாளிக்கு நோன்பை விடும் சலுகை உண்டு. ஷஃபானிலேயே மருத்துவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.