கோபுரம் இல்லாத சர்ச்... கூரையில் டெலஸ்கோப்! யார் இந்த ஏஞ்சலோ செக்கி?

சூரியனும் ஒரு நட்சத்திரம்தான்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. அங்கே யாரும் போய்ப் பார்த்துட்டு வரலையே, அப்புறம் எப்படிச் சொல்றாங்க? அந்தப் பதிலில் பெரிய பங்கு ஒரு பாதிரியாருக்கு உண்டு. பெயர் ஏஞ்சலோ செக்கி.

1818-ல் இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியாவில் பிறந்தவர். 15 வயதிலேயே இயேசு சபையில் சேர்ந்தார். 1848-ல் ரோமில் அரசியல் கலவரம் வெடிக்க, இயேசு சபையினர் வெளியேற்றப்பட்டார்கள். இங்கிலாந்து, அங்கிருந்து அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் என்று ஓடியவர், நிலைமை சரியானதும் ரோமுக்குத் திரும்பி, கொலேஜியோ ரோமானோ கல்லூரியின் வானியல் ஆய்வகத்துக்குத் தலைவரானார்.

டெலஸ்கோப் வைக்க அசையாத இடம் வேணுமே! பக்கத்திலேயே இருந்தது சான் இக்னாசியோ சர்ச். அதன் குவிமாடத்தைத் தாங்குவதற்காகப் பிரமாண்டமான தூண்களை எழுப்பியிருந்தார்கள். ஆனால், குவிமாடத்தைக் கட்டவே இல்லை. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் குவிமாடம் தெரியும். அது வெறும் ஓவியம்! சும்மா கிடந்த அந்தத் தூண்களின் பலத்தில், கூரை மேல் ஆய்வகத்தை அமைத்துவிட்டார் செக்கி. செம ஐடியா இல்ல?

இப்போ விஷயத்துக்கு வருவோம். முழு சூரிய கிரகணத்தின்போது, கறுத்த நிலவின் ஓரத்தில் சிவப்பாகச் சில பிழம்புகள் தெரியும். அவை சூரியனுடையவையா, நிலவுடையவையா, இல்லை வெறும் கண் மாயமா? பெரிய பெரிய ஆட்களே குழம்பிக் கிடந்தார்கள். 1860 ஜூலை 18 கிரகணத்தை ஸ்பெயினின் கிழக்குக் கரைப் பக்கத்தில் இருந்து செக்கியின் குழு போட்டோ எடுத்தது. அதே நாட்டில் வெகுதூரம் தள்ளி, பிரிட்டனின் வாரன் டி லா ரூ இன்னொரு செட் போட்டோ எடுத்தார். இரண்டையும் ஒப்பிட்டால், அதே பிழம்புகள்! நிலவு நகர நகர ஒரு பக்கப் பிழம்புகள் மறைந்தன. மறுபக்கம் புதுசாக வெளிப்பட்டன. அப்படின்னா நிலவு வெறும் திரை. பிழம்பு சூரியனுடையது. கேஸ் குளோஸ்!

ஆனால், கிரகணம் சில நிமிஷம்தானே? அதற்கு வழி கிடைத்தது நம்ம பக்கத்தில். 1868 ஆகஸ்ட் கிரகணத்துக்காக, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு வந்த பிரான்ஸின் ஜான்சன், ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோப் மூலம் மறுநாள், கிரகணமே இல்லாமல் பிழம்புகளைப் பார்த்தார். அதன்பிறகு ரோமில் செக்கி, பலெர்மோவில் அவர் நண்பர் தக்கினி என ஆளுக்கொரு ஊரில் சூரியனின் விளிம்பை விடாமல் வரைந்தார்கள். 1871-ல் இருவரும் சேர்ந்து இதற்கென்றே ஒரு சங்கமும் தொடங்கினார்கள்.

இதே கருவியை நட்சத்திரங்கள் பக்கமும் திருப்பினார் செக்கி. சுமார் 4,000 நட்சத்திரங்களின் ஒளியைக் கண்ணாலேயே பார்த்து வகை பிரித்தார். அதில் மஞ்சள் நட்சத்திரங்கள் கொண்ட இரண்டாம் வகையின் ஒளி, அப்படியே நம் சூரியனின் ஒளி மாதிரி இருந்தது. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கிடைச்சிடுச்சா?

1870-ல் ரோம் இத்தாலி அரசின் கைக்கு வந்தது. 1873-ல் இயேசு சபையின் சொத்துகள் பறிபோயின. கல்லூரியும் போச்சு. ஆனால், செக்கியை மட்டும் ஆய்வகத்திலிருந்து அரசு அசைக்கவில்லை. 1878-ல் இறக்கும்வரை அவர்தான் தலைவர். அவர் போனதும் ஆய்வகத்தை அரசே எடுத்துக்கொண்டது. பொறுப்புக்கு வந்தவர், அதே தக்கினி!

ஒரு குட்டி போனஸ். 1865-ல் போப்பின் கப்பலில் போன செக்கி, கடல்நீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க வெள்ளைத் தட்டுகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம்தான் அளவு. 'செக்கி தட்டு' என்ற பெயரில் ஏரிகளிலும் கடலிலும் இன்னைக்கும் இது இறங்கிக்கிட்டுதான் இருக்கு.