காயலான் கடைக் கார்

வரலாற்று வகுப்பிலே ஒருநாள் ஒரு மாணவன், “ஐயா, காயலான் கடை இரும்புக்கும் வரலாறு உண்டா?” என்று வினவினான். வகுப்பு நகைத்தது, நானும் நகைத்துவிட்டேன். அது பிழை என்பதைப் பின்னரே படித்து உணர்ந்தேன்.

அமெரிக்காவிலே ஃபோர்டு நிறுவனத்தார் 1930-இல் தமது ரூஜ் ஆலையில், பழைய கார்களை வரிசைமுறையில் பிரித்தனர். பயன்படும் உறுப்புகளைக் கழற்றிக்கொண்டு, எஞ்சிய கூட்டை எஃகு உலையிலிட்டனர். அக்காலத் திறந்த அடுப்பு உலை, ஏறத்தாழப் பாதியளவு பழைய இரும்பை ஏற்கவல்லது.

1950-களிலும் 1960-களிலும் ஆக்சிஜன் உலை பரவிற்று. அதற்கு அவ்வளவு பழைய இரும்பு வேண்டியதில்லை. காரிலுள்ள செம்புக் கம்பி எஃகிலே கலந்தாலோ, காய்ச்சி உருட்டும்போது எஃகு வெடிக்கும். செம்பைக் கையால் பிரிக்கக் கூலி மிகுதி. எனவே, விலைபோகாத கார்கள் சாலையோரங்களிலே கைவிடப்பட்டன. அதிபர் ஜான்சன் 1965-இல் கையெழுத்திட்ட நெடுஞ்சாலை அழகுச் சட்டம், பழைய வண்டிக் கிடங்குகளைக் கண்ணுக்கு மறைக்கவோ அகற்றவோ பணித்தது.

மறைத்தால் துரு மறையுமா? மெய்யான தீர்வு வேறிடத்திலிருந்து வந்தது. காரை முழுதாய்ச் சிதைத்துத் துண்டாக்கும் இயந்திரமும், இரும்பை ஈர்த்தெடுக்கும் காந்தமும், பழைய இரும்பைக் கொண்டே எஃகு வடிக்கும் மின்வில் உலையும் பெருகின. கைவிடப்பட்ட காருக்கு மீண்டும் விலை பிறந்தது.

கார் மாறவில்லை, உலை மாறியது, மதிப்பும் மாறியது. இரும்புக்கும் வரலாறு உண்டு என்பதே அம்மாணவனுக்கு நான் காலந்தாழ்த்திக் கூறும் விடை.