மேட்டூரின் குட்டி

எங்கள் சேலம் பக்கம் 'உப்புத் தண்ணி' என்றால் போர்வெல் தண்ணீர். குடத்தில் வெள்ளையாகப் படியும், பருப்பு வேகாது. அந்தத் தண்ணீர்த் தொட்டியிலும் பாசி ஜோராக வளரும். அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள், பண்ணைவீட்டில் நீச்சல்குளம் கட்டியதும், "இது சால்ட் வாட்டர் பூலுங்க, குளோரினே கெடையாது, பாசி புடிக்காது" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மேட்டூர் ஞாபகம் வரும்.

மேட்டூர் அணை திறந்தது 1934இல். அணை மின்சாரத்தை நம்பி 1936இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கப்பட்டது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு முனையில் குளோரின், மறுமுனையில் ஹைட்ரஜனும் காஸ்டிக் சோடாவும் கிடைக்கும். 1800லேயே இங்கிலாந்தில் வில்லியம் க்ருக்‌ஷாங்க் செய்து பார்த்த வித்தைதான்.

சால்ட் பூலின் பம்ப் அறையில் குழாயோடு மாட்டியிருக்கும் 'செல்', அந்த ஆலை போட்ட குட்டி. குளத்தில் லிட்டருக்கு மூன்று, நான்கு கிராம் உப்பு. கடலில் 35 கிராம், அங்கேயே பாசி வளர்கிறதே! இங்கே பாசியைக் கொல்வது செல்லில் பிறக்கும் குளோரின். 1810இல் ஹம்ஃப்ரி டேவி அதற்குப் பெயர் வைத்தது வெளிர்பச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து. பாசியின் பச்சையமான குளோரோஃபிலுக்கும் அதே சொல்தான் வேர். பங்காளிச் சண்டை!

இந்தச் சண்டையில் நம் ஊர் நிலவரம் பாசிக்குத்தான் சாதகம். செல் ஓட ஓட நீரின் பி.எச். ஏறும், 8ஐத் தாண்டினால் குளோரினுக்கு வீரியம் போய்விடும். ஆசிட் விட்டு 7.5 பக்கம் இறக்க வேண்டும். கடின நீரின் சுண்ணாம்பு செல் தகடுகளில் ஏடுகட்டும். கழுவாவிட்டால் உற்பத்தி படுத்துவிடும். சித்திரை வெயில் சில மணி நேரத்தில் குளோரினைக் குடித்துவிடும். சயனூரிக் ஆசிட் கொஞ்சம் இருந்தால் தாங்கும். அதையும் அளவுக்கு மேல் போட்டால் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும்.

பச்சை வந்துவிட்டால் செல்லை மட்டும் நம்பி உட்காரக் கூடாது, அது மெதுவாகத்தான் சுரக்கும். சுவரைத் தேய்த்து, பொழுது சாய்ந்தபின் திரவக் குளோரின் ஊற்றி, தண்ணீர் தெளியும்வரை இரவும் பகலும் ஃபில்டரை ஓட்டவேண்டும். அதுவரை யாரையும் இறக்கக் கூடாது.

சமீப வருடங்களில் மேட்டூர் நீர்த்தேக்கமே பச்சையாகி, கரையோர ஊர்களில் நாற்றம் அடித்தது. அங்கே குளோரின் கொட்ட முடியாது, மீனவர்கள் அந்தத் தண்ணீரில்தான் வலை போடுகிறார்கள். நுண்ணுயிர்க் கரைசலைத் தெளித்தார்கள்.