குலுக்கையைத் தேடி வந்த பூனை

கார், பிசானம் என இருபோகம் விளையும் தாமிரபரணிக் கரையில், முன்பு நெல்லை மண் குலுக்கைகளில் சேமித்தனர். நெல்லுக்கு எலி வந்தது. எலிக்குப் பூனை வந்தது. பூனை மனிதனை அண்டிய கதையே இதுதான். ஆப்பிரிக்க, மேற்காசிய நிலங்களின் ஒருவகைக் காட்டுப்பூனையே அதன் மூதாதை. சைப்ரஸ் தீவில், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதனருகே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு கிடைத்ததை 2004-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். நம் தொல்காப்பிய மரபியலும் வெருகின் இளமைக்குக் ‘குட்டி’ என்ற பெயரை வகுத்துள்ளது.

தானாக வந்த இனத்தின் குட்டியை, கண் திறந்ததுமே தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரலாமா? பசும்பாலில் பூனைப்பாலின் அளவு புரதமில்லை; வயிற்றுப்போக்கு உண்டானால் சிறு குட்டி பிழைப்பது அரிது. எட்டு வாரமாவது தாயிடம் விடுங்கள். பிறகு அமைதியான மூலை, கதகதப்பான துணி, தண்ணீர், முள் நீக்கி வேகவைத்த மீன் கொடுங்கள். குட்டி வீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.