சிவப்பு ரப்பரின் இரண்டாவது இன்னிங்ஸ்

நாலு வயசுக் குழந்தைக்கு ஏழெட்டுப் பல் சொத்தை. மயக்கம் கொடுத்துத்தான் சரி செய்யணும் என்கிறார் டாக்டர். மயக்கம் கொடுத்தால் மூச்சுக்கு ஒரு குழாய் வேண்டும். வாய்க்குள்ளேயோ பல் டாக்டரின் கை. அப்புறம் குழாய் எந்த வழியாகப் போகும்? மூக்கு வழியாகத்தான்!

இந்த வழி பழக்கத்துக்கு வந்ததற்கு ஒரு யுத்தம் காரணம் என்றால் நம்புவீர்களா?

முதல் உலகப் போர் 1918-ல் முடிந்துவிட்டது. முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு முடியவில்லை. இங்கிலாந்தின் சிட்கப் ஊரில், குயின்ஸ் மருத்துவமனையில், ஹெரால்ட் கில்லீஸ் அவர்களுக்குப் புது மூக்கும் தாடையும் உருவாக்கிக்கொண்டிருந்தார். ஆபரேஷனே முகத்தில்! மயக்க மருந்து மாஸ்க்கை எங்கே வைப்பது?

1919-ல் அங்கே வந்த ஐவன் மகில், சகாவான ரோபாத்தமுடன் சேர்ந்து வழி தேடினார். சிவப்பு ரப்பர் குழாயை அளவாக வெட்டினார். நுனியைப் பிடித்துத் திருப்ப ஒரு வளைந்த இடுக்கி செய்து, 1920-ல் அதைப் பற்றி எழுதினார். பிறகு, மூக்கை கொகெய்ன் தடவி மரத்துப்போக வைத்து, மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே குழாயை இறக்கவும் பழகினார்.

1960-களில் இந்த வழி குழந்தைகளுக்குப் பெரிதும் கைகொடுத்தது. நாள்கணக்கில் மூச்சு உதவி தேவைப்பட்டால், அதுவரை கழுத்தில்தான் துளை போடுவார்கள். மூக்குக் குழாயே போதும் என்று ஆஸ்திரேலிய டாக்டர்கள் 1965-ல் எழுதினார்கள். அதற்குள் ரப்பர் போய் பிளாஸ்டிக் வந்திருந்தது. உடம்புச் சூட்டில் இளகும், உறுத்தல் குறைவு. ஆனால், உள்ளே நுழையும்போது அதன் நுனி கத்தி மாதிரி! குழந்தைகளின் மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை இருக்கிறதே, அதைக் கிழித்துவிடும். ரத்தம் தொண்டையை மறைத்தால் டாக்டருக்கு வழி தெரியாது. பிஞ்சு உடம்புக்கோ ஆக்ஸிஜன் கையிருப்பு ரொம்பக் கம்மி.

என்ன செய்தார்கள்? குழாயை வெந்நீரில் போட்டு இளக வைத்தார்கள். ஜெல்லி தடவினார்கள். ரத்தக்குழாயைச் சுருக்கும் சொட்டு மருந்து விட்டார்கள். இன்னொன்றுதான் சுவாரஸ்யம். சிவப்பு ரப்பர் கதீட்டரின் அகன்ற முனையைக் குழாய் நுனியில் தொப்பி மாதிரி மாட்டினார்கள். மெத்தென்ற ரப்பர் முன்னால் போகும், குழாய் பின்தொடரும். தொண்டைக்கு வந்ததும் கதீட்டரை வாய் வழியாகக் கழற்றிவிட்டு, மகிலின் அதே இடுக்கியால் குழாயை உள்ளே செலுத்துவார்கள். வெந்நீரில் இளக்குவதைவிட இதில் ரத்தக்கசிவு குறைவு என்று 2002-ல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது.

ஓரங்கட்டப்பட்ட ரப்பர், பிளாஸ்டிக்குக்கே வழிகாட்டி!

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஆபரேஷனா? ராத்திரி குறட்டை விடுமா, மூக்கில் ரத்தம் வந்ததுண்டா, ஆடுகிற பல் இருக்கா... மயக்க டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எந்த வழி, என்ன தொப்பி என்று அவர் முடிவு செய்வது அதை வைத்துத்தான்.